நாள்பட்ட நோயோடு வாழ்பவர்களைப் புல்வெளிப் பாதுகாப்பு வேலைக்கு அழைத்துப் போவது எப்படி: புதிதாகத் தொடங்குபவருக்கு

நான் சமூகப் பணியாளர். சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு, மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம், நுரையீரல் அடைப்பு என்று ஆண்டுக்கணக்கில் நோயோடு காலம் தள்ளுகிறவர்களை ஒரு குழுவாகச் சேர்த்துப் புல்வெளிப் பராமரிப்பு வேலைக்குக் கூட்டிப் போகிறேன். தொடங்கும்போது இரண்டிலும் எனக்கு வழிகாட்ட ஆளில்லை. புல்வெளி தெரிந்தவர்களுக்கு நோய் தெரியாது, நோய் தெரிந்தவர்களுக்குப் புல்வெளி தெரியாது.

முதல் நாள் நான்கு மணி நேரம் வேலை வைத்தேன். எல்லோரும் சிரித்த முகத்தோடுதான் வீடு திரும்பினார்கள். மூன்றாம் நாள் காலையில் ஒருவருடைய மகளிடமிருந்து தொலைபேசி வந்தது. அப்பா இரண்டு நாளாகப் படுக்கையை விட்டு எழவில்லை என்றார். நிலத்திலும் தவறு செய்திருந்தோம். வெட்டிய புல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்ததால், அடுத்த ஆண்டு பூச்செடிகள் இருந்த இடத்தில் முரட்டுப் புல் மண்டிக் கிடந்தது. இந்த இரண்டும் உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

1. முதல் பருவம் முழுக்க நிலத்தைப் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் அவசரப்படுவது இங்கேதான். ஒரு திறந்தவெளியைப் பார்த்ததும் "மரம் நடலாமே" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். இயற்கையான புல்வெளியில் மரம் நட்டால் அந்தப் புல்வெளி அழியும். நீலகிரியின் மலைப் புல்வெளிகளில் சீகை (வாட்டில்), பைன், தைல மரங்களை நட்டதன் விளைவை இன்றுவரை பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஹெதர் போன்ற குறும்புதர்கள் படர்ந்த ஹீத் நிலங்களுக்கும் இதே கதிதான். சும்மா விட்டால் பிர்ச்சும் பைனும் ஏறிச் சில பத்தாண்டுகளில் காடாகிவிடும்.

அடுத்து நினைவில் வைக்க வேண்டியது, இந்த நிலங்களின் மண்ணில் சத்துக் குறைவாக இருப்பதால்தான் இத்தனை வகைச் செடிகள் இருக்கின்றன என்பது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856 முதல் ஒரே புல்வெளியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து உரம் இட்டும் இடாமலும் பார்த்து வருகிறார்கள். உரமே காணாத பாத்தியில் சுமார் 40 வகைச் செடிகள் நிற்கின்றன. அமோனியம் சல்பேட்டைத் தொடர்ந்து போட்டுச் சுண்ணாம்பு சேர்க்காத பாத்தியில் இரண்டு மூன்று வகைதான் மிஞ்சியது. ஆகவே நம் வேலையில் பெரும்பகுதி எடுப்பதுதான். புல்லை வெட்டி வெளியே எடுப்போம், புதரை எடுப்போம், ஊடுருவி முளைத்த நாற்றைப் பிடுங்கி எடுப்போம். உடம்பில் பலம் குறைந்தவர்களுக்கு இது பொருந்தி வருவதும் இதனால்தான். நீர் சுமக்க வேண்டாம், குழி தோண்ட வேண்டாம், எரு அள்ள வேண்டாம்.

ஒரு பருவம் முழுக்க மாதம் ஒருமுறை நடந்து பார்த்து, எந்தச் செடி எங்கே பூக்கிறது, தரையில் கூடு கட்டும் பறவை எங்கே எழும்புகிறது என்று கையால் ஒரு வரைபடம் போடுங்கள். அதே வரைபடத்தில் வண்டி எதுவரை வரும், நிழல் எங்கே, உட்கார இடம் எங்கே, கைபேசிச் சமிக்ஞை எங்கே கிடைக்கிறது என்பதையும் குறியுங்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து வேலை செய்யும் இடத்துக்கு எத்தனை அடி என்று நீங்களே எண்ணி நடங்கள். நுரையீரல் நோய் உள்ளவருக்கு அந்தத் தூரமே அன்றைய வேலையாகிவிடக்கூடும்.

2. நிலத்துக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

வாய்ச்சொல்லை நம்பி இறங்காதீர்கள். கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: எந்தெந்த மாதங்களில் வரலாம், என்ன கருவி கொண்டுவரலாம், வெட்டியதை எங்கே கொண்டுபோய்ப் போடலாம், அவசரத்தில் ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக வரும், அந்த வாசல் சாவி யாரிடம் இருக்கும். சாவி விஷயத்தை எல்லோரும் மறக்கிறார்கள். நாங்களும் மறந்தோம். வாசல் பூட்டியிருந்ததால் மூச்சுத் திணறியவரை நாற்காலியில் வைத்தே தூக்கி வந்தோம்.

கடிதம் குறைந்தது ஐந்து ஆண்டுக்கு இருக்கட்டும். ஓராண்டு அனுமதியில் புல்வெளி வேலை செய்வது வீண். சீகை விதையும் கோர்ஸ் முட்புதரின் விதையும் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். இன்று மரத்தை வெட்டினால் நாளை ஆயிரம் நாற்று முளைக்கும், அதைப் பிடுங்க ஆள் வேண்டும்.

நிலம் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருந்தால் உரிமையாளர் அனுமதி மட்டும் போதாது, அரசுத் துறை அனுமதியும் வேண்டும். அதற்கு மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். விண்ணப்பத்தில் "புதர் நீக்கம்" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்தச் செடி, எந்த மாதம், கையாலா கருவியாலா, எத்தனை பேர் என்று எழுதுங்கள். உங்கள் கை வரைபடத்தின் நகலை உடன் வைத்தால் கேள்விகள் பாதியாகக் குறையும்.

3. காப்பீட்டுத் தாளில் விலக்குப் பகுதியைப் படியுங்கள்

தன்னார்வலர் காப்பீடு என்று பெயர் இருக்கும், பணமும் கட்டிவிடுவீர்கள். உள்ளே ஒரு மூலையில் "ஏற்கெனவே உள்ள நோயால் வரும் பாதிப்புகள் நீங்கலாக" என்று இருக்கும். நம் குழுவில் அப்படிப்பட்டவர் தவிர வேறு யாருமில்லை! அதனால் பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். நாள்பட்ட நோய் உள்ளவர் தடுக்கி விழுந்து காயப்பட்டால் காப்பீடு உண்டா? துணைக்கு வரும் குடும்பத்தாரும் சேர்த்தியா? கைக்கருவிகளில் எது அனுமதி, எது இல்லை? தொலைபேசியில் "எல்லாம் சேர்த்திதான் சார்" என்று சொல்வதற்கு எந்த மதிப்பும் கிடையாது.

4. உறுப்பினர் தாள் ஒரே பக்கம் போதும்

நான் முதலில் தயாரித்த படிவம் ஆறு பக்கம். நோயின் பெயர், எந்த ஆண்டு, என்ன அறுவை சிகிச்சை என்று எல்லாவற்றையும் கேட்டிருந்தேன். ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைப் படிவம் நிரப்பி அலுத்தவர்கள் முகம் சுருங்கியது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இப்போது ஒரே பக்கத்தில் ஆறு கேள்விதான் கேட்கிறேன்: உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது? அப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது? எந்த மருந்தை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும்? வெயிலோ தூசியோ மகரந்தமோ ஒத்துக்கொள்ளாதா? யாரைக் கூப்பிடுவது? எந்தக் கிழமைகளில் வர முடியாது?

கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும், ஆனால் அதுதான் திட்டத்தையே தீர்மானிக்கிறது. டயாலிசிஸ் செய்பவர் பெரும்பாலும் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போலப் படுத்திருப்பார். அன்று மாலை அவரிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது. குழுவின் கிழமையை நீங்கள் முடிவு செய்துவிட்டு ஆள் தேடினால் இவர்கள் உங்கள் கண்ணிலேயே பட மாட்டார்கள். முதலில் ஆட்களின் கிழமைகளைக் கேட்டு, பிறகு நாளைக் குறியுங்கள்.

மருத்துவரிடம் "வேலை செய்யத் தகுதியானவர்" என்ற சான்றிதழ் கேட்காதீர்கள். பொறுப்பேற்கத் தயங்கி அவர் இழுத்தடிப்பார், உறுப்பினருக்கு அலைச்சல். அதற்குப் பதிலாக என்ன வேலை, எவ்வளவு நேரம், என்ன தரை என்று நாலு வரி எழுதி உறுப்பினர் கையில் கொடுங்கள். அடுத்த முறை வழக்கமாகப் போகும்போது அதைக் காட்டி, "நான் எதைத் தவிர்க்க வேண்டும்?" என்று கேட்டு வரட்டும். இந்தக் கேள்விக்கு மருத்துவர்கள் தயங்காமல் பதில் சொல்கிறார்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் டெட்டனஸ் ஊசி நிலவரம் தெரியாதவர்களும் மருத்துவரைக் கேட்காமல் மண்ணில் கை வைக்க வேண்டாம்.

நிரப்பிய தாள்களை உறையில் போட்டு உங்கள் பையில் மட்டும் வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. ஒருவர் விலகினால் அவர் தாளை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

5. உதவித்தொகை வாங்குபவருக்கு இதைச் சொல்லாமல் விடாதீர்கள்

இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்த விஷயம். நோயாலோ மாற்றுத்திறனாலோ அரசு உதவித்தொகை பெறுபவர் புல்வெளியில் கத்தரியோடு நிற்கும் படம் வெளியானால், "இவரால் வேலை செய்ய முடிகிறதே" என்று மறுபரிசீலனைக்குப் போக வாய்ப்புண்டு. வாரத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து நாற்றுப் பிடுங்கியவர் அடுத்த இரண்டு நாள் படுத்திருந்தது படத்தில் தெரியாது.

ஆகவே சேரும் முன்பே மூன்று காரியம் செய்யுங்கள். உதவித்தொகையின் விதிகளில் தன்னார்வப் பணி பற்றி என்ன இருக்கிறது என்று அவரோடு உட்கார்ந்து படியுங்கள். அறிவிக்க வேண்டும் என்றிருந்தால் அறிவித்துவிடுங்கள். வேலை எவ்வளவு நேரம், நடுவில் எத்தனை முறை ஓய்வு, துணை யார், ஊதியம் இல்லை என்பதையெல்லாம் தேதியிட்ட கடிதமாகக் கொடுங்கள். புகைப்பட ஒப்புதலைத் தனித் தாளில் வாங்குங்கள். "வேண்டாம்" என்பவரிடம் காரணம் கேட்காதீர்கள்.

6. நிலத்தின் நாட்காட்டியை மீறாதீர்கள்

குளிர்மண்டலப் புல்வெளி என்றால் வசந்தத்தின் பிற்பகுதியிலும் கோடையின் தொடக்கத்திலும் கணக்கெடுப்பு மட்டும். பூத்து விதை முற்றிய பிறகு, கோடையின் கடைசியில் வெட்டு. வெட்டியதை இரண்டு மூன்று நாள் காயவிட்டால் விதை தரையில் உதிரும். பிறகு கட்டாயம் வாரி வெளியேற்ற வேண்டும். புதர் நீக்கும் வேலை கூடு கட்டும் காலம் முடிந்து, இலையுதிர் காலம் முதல் குளிர்காலம் முடியும் வரை. ஹெதர் வெட்டுவதும் அப்போதுதான். இளஞ்செடி வெட்டிய இடத்திலிருந்து துளிர்க்கும், முதிர்ந்து நடுவில் வழுக்கை விழுந்த செடி அவ்வளவு எளிதில் துளிர்க்காது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வெட்டாமல் பகுதி பகுதியாக வெட்டுங்கள்.

வெப்பமண்டலப் புல்வெளியில் மழைதான் நாட்காட்டி. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது நாற்று வேரோடு வரும், காய்ந்த மண்ணில் தண்டு முறிந்து மறுபடி துளிர்க்கும். ஊடுருவிய செடிகளைப் பூக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

முரட்டுப் புல் மிஞ்சியிருந்தால் யெல்லோ ராட்டில் என்ற சிறு செடி உதவும், அது இயல்பாக வளரும் நாடுகளில் மட்டும். புல்லின் வேரைப் பற்றி உறிஞ்சி அதன் வீரியத்தைக் குறைக்கும். முற்றிய காயைக் காதருகே ஆட்டினால் கிலுகிலுவென்று ஒலிக்கும். விரலில் மூட்டு வலி உள்ளவர்களும் ஒரு காகித உறையைப் பிடித்துக்கொண்டு காம்பைத் தட்டினால் விதை உள்ளே விழுந்துவிடும். அந்த ஆண்டே இலையுதிர் காலத்தில் விதைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டுக்கு என்று எடுத்து வைத்தால் முளைக்காது. குளிர்காலக் குளிரும் அதற்கு வேண்டும், தரையில் பாதியாவது புல் நீங்கி மண் தெரிய வேண்டும்.

வெட்டியதைக் கொளுத்தாதீர்கள். சாம்பல் மண்ணில் சத்தைச் சேர்க்கும், புகை நுரையீரல்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

7. வேலையை ஆளுக்கேற்பத் துண்டாக்குங்கள்

எங்கள் குழுவில் இடது முன்கையில் டயாலிசிஸ் ஃபிஸ்துலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) உள்ள அம்மா ஒருவர் இருக்கிறார். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, அதில் பைக்கயிறுகூட இறுக்கக்கூடாது. அவருக்கு ஒரு தாழ்வான முக்காலி, வலக்கைக்குக் கையுறை, முக்காலிக் காலில் கட்டிய திறந்த சாக்கு. சுற்றி ஒரு கை நீளத்துக்குள் இருக்கும் நாற்றுகளை விரலால் அடியில் பிடித்து மெதுவாக முறுக்கி இழுத்துச் சாக்கில் போடுவார். வட்டம் சுத்தமானதும் நாங்கள் முக்காலியை நகர்த்துவோம். காலையில் நாலு வட்டம். வேர் முழுசாக வந்த நாற்றைத் தூக்கிக் காட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் சுத்தம் செய்த இடத்தில் மறுபடி முளைத்தது மிகக் குறைவு. பலசாலிகள் அவசரமாகப் பிடுங்கிய இடத்தில்தான் வேர் அறுந்து துளிர்த்தது.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு முள் குத்தினால் தெரியாது. சீமைக் கருவேலமோ கோர்ஸோ உள்ள இடத்தில் அவர்களை நிறுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் காலணியைக் கழற்றிப் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பூஞ்சை பிடித்த பழைய புல் குவியலை நுரையீரல் நோய் உள்ளவர் கிளறவே கூடாது. லூபஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களுக்கும் டாக்சிசைக்ளின், அமியோடரோன் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கும் வெயில் சீக்கிரம் தோலைச் சுடும்.

எதுவுமே செய்ய முடியாத நாளில் வருபவருக்கும் வேலை உண்டு. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே எத்தனை வகைச் செடி என்று எண்ணுவது. இதை ஒப்புக்குச் செய்யும் வேலை என்று நினைக்காதீர்கள். நிலம் தேறுகிறதா இல்லையா என்று சொல்வது இந்த எண்ணிக்கை ஒன்றுதான்.

8. வேலை நாள்

முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் காலை விறைப்பு விலக நேரம் வேண்டும், பத்தரை மணிக்கு முன் அழைக்காதீர்கள். வெயில் ஆகாதவர்களுக்கு இதுவே தொல்லை. நாங்கள் கடைசியில் இரண்டு குழுவாகப் பிரித்தோம். மொத்தம் ஒன்றரை மணி நேரம், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் கட்டாய ஓய்வு. விருப்பப்பட்டவர் ஓய்வெடுக்கலாம் என்று சொன்னால் யாரும் உட்கார மாட்டார்கள், அடுத்தவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். டயாலிசிஸ் செய்பவருக்கும் இதயச் செயலிழப்பு உள்ளவருக்கும் நீரளவு கட்டுப்பாடு இருக்கும். அவரவர் அளவை அவரவர் பாட்டிலில் கொண்டுவரட்டும். இன்சுலினை வண்டிக்குள் விடாதீர்கள், வெப்பத்தில் வீரியம் போய்விடும். நடுக்கம், வியர்வை, பேச்சில் தடுமாற்றம் கண்டால் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. பார்க்கக் கருவி இல்லையென்றால் காத்திராமல் குளுக்கோஸைக் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கிளம்பும் முன் உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டியிருந்தால் நுனிக் குறடால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

9. அன்று இரவும் மூன்றாம் நாளும் விசாரியுங்கள்

உழைப்புக்குப் பிறகு இன்சுலின் எடுப்பவருக்குச் சர்க்கரை இரவில்கூட இறங்கலாம். அன்று மாலையே நினைவூட்டுங்கள். மயால்ஜிக் என்செஃபலோமயலிடிஸ் என்னும் தீராச் சோர்வு நோய் உள்ளவர்களுக்குப் பின்விளைவு பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்தே வரும். நான் முதல் நாள் ஏமாந்தது இதில்தான். வேலை முடிந்ததும் "எப்படி இருக்கிறது?" என்றால் "நல்லா இருக்கேன்" என்பார்கள், அந்த நேரத்தில் அது உண்மையும்கூட. மூன்றாம் நாள் கேளுங்கள். படுத்துவிட்டார் என்றால் அடுத்த முறை பாதி நேரம். "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று இவர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக வேலையைக் கூட்டும் முறை இந்த நோயில் கேடு செய்கிறது என்றுதான் 2021-இல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு அந்தச் சிகிச்சையைத் தன் பரிந்துரையிலிருந்து எடுத்தது.

10. பணம் எங்கே போகும்

கருவிக்கு ஆகும் என்று நினைப்பீர்கள். கையுறை, கைக்கத்தரி, முக்காலி, சாக்கு, வாரி எல்லாம் ஒருமுறைச் செலவு, பல ஆண்டு வரும். எங்கள் முதல் ஆண்டில் பாதிக்கு மேல் வண்டி வாடகைக்கே போனது. அடுத்தது கழிப்பறை. நீர்மாத்திரை எடுப்பவர்களும் குடல் அழற்சி உள்ளவர்களும் கழிப்பறை இல்லாத இடத்துக்கு வரவே மாட்டார்கள், காரணத்தையும் சொல்ல மாட்டார்கள். வரவு செலவுத் திட்டத்தின் முதல் வரியாக இதை எழுதுங்கள். பிறகு காப்பீடு, அதன் பிறகு வெட்டிய புல்லை அகற்றும் கூலி.

நன்கொடை தரும் அமைப்புகள் பல, செலவு செய்து ரசீது காட்டிய பிறகே பணம் தரும். மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். விண்ணப்பத்தில் "எத்தனை பேர் ஒவ்வொரு முறையும் வந்தார்கள்" என்று கேட்டிருந்தால், கையெழுத்திடும் முன்பே அந்தக் கட்டத்தை மாற்றச் சொல்லிப் பேசுங்கள். நம் ஆட்கள் நாலு முறையில் ஒருமுறை வருவார்கள், நடுவில் மருத்துவமனையில் கிடப்பார்கள். "ஆண்டில் ஒருமுறையேனும் வந்தவர்கள்" என்று எழுதலாம்.

11. வராதவர் பெயரை அடிக்காதீர்கள்

வருகைப் பதிவேட்டில் வராதவருக்கு நேரே கோடு போடும் வழக்கத்தை நான் நிறுத்திவிட்டேன். இடம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். படுக்கையில் இருப்பவருக்கு அவர் எண்ணிய சட்டத்தின் எண்ணிக்கையை மாதாமாதம் அனுப்புகிறேன். போன முறை பதினொன்று, இப்போது பதினான்கு, புதிதாக வந்த செடியின் படம் ஒன்று. ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்த ஒருவர் நேராகத் தன் சட்டம் இருந்த இடத்துக்குத்தான் போனார். அதனால் சட்டத்தின் நான்கு மூலையிலும் ஆணி அடித்து அடையாளம் வையுங்கள், புல்லுக்குள் மறையாதபடி ஆணித் தலைக்கு வண்ணம் பூசிவிடுங்கள்.